விலை இல்லாத மாவு

வாத்துக்குஞ்சு வளர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் வைக்கோல், ஆழமில்லாத தட்டில் தண்ணீர், ஈரத் தவிடு இருந்தால் போதும். முதல் வாரம் மட்டும் குளிர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் இப்போது ஐந்து வாத்துகள் இருக்கின்றன. ஜனவரியில் வாங்கியபோது பத்து இருந்தன.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. வாயால் சொல்லச் சொல்லியிருந்தால்தான் சிரமம். கல்லூரியில் செய்முறைத் தேர்வின்போதுகூட, கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் பியூரெட்டைப் பார்த்தே பதில் சொன்னவள் நான்.

என் பெயர் ஆரோக்கியம்மாள். வயது இருபத்து மூன்று. சிதம்பரத்தில் தங்கி வேதியியல் படித்தேன். இரண்டு வருடமாகக் கடலூர் முதுநகரில், திரு. அந்தோணிசாமி அவர்களின் எண்ணெய் மில்லில் சோதனைக்கூடம் பார்க்கிறேன். சோதனைக்கூடம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, நான்கைந்து குடுவைகள், ஒரு தராசு. அது நல்ல தராசு. அந்த மில்லில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

மில்லுக்கு வருவது மணிலாக்கொட்டை. எங்கள் பக்கத்தில் பேச்சில் மல்லாட்டை என்பார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓட்டோடு வரும். எண்பது பெண்கள் உட்கார்ந்து கையால் உடைப்பார்கள். பருப்பை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு, மாட்டுத்தீனிக்காகக் கப்பலில் வெளிநாட்டுக்குப் போகும். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் சான்றிதழ் கேட்டார்கள். அதனால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

மூட்டைக்குள் குத்தூசியைச் செலுத்தி மாதிரி எடுப்பது என் வேலை. நீளமான இரும்புக் குழல் அது. செலுத்தி இழுத்தால் மூட்டையின் வயிற்றில் இருப்பது கையில் வரும். முதல் மாதம் அந்தோணிசாமி ஐயா என்னை அழைத்து, "முன்வரிசை மூட்டையிலயே குத்திடு பாப்பா, உள்ள போவாத. உள்ள தூசி ஜாஸ்தி" என்றார். உள்ளே தூசி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"எட்டாவது கட்டளை இருக்குதுங்களே ஐயா" என்றேன்.

பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையைச் சொன்னேன். அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அன்று முதல் நான் எந்த மூட்டையில் வேண்டுமானாலும் குத்தினேன். பொய் மாதிரி ஒன்றுகூட என் கையால் போனதில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

செம்மண்டலத்தில் அவர் வீட்டில் வியாழக்கிழமை மாலைகளில் கோயில் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கிறிஸ்தவன் வியாபாரம் செய்யலாமா, லாபம் பாவமா என்றெல்லாம் பேசுவார்கள். என்னையும் வரச் சொன்னார். நான் கதவோரமாக உட்கார்ந்திருப்பேன். பொய் மாதிரி எடுக்க மறுத்த கதையை அவரே எல்லோருக்கும் சொன்னார். தன் மில்லில் ஒரு மனசாட்சி இருப்பதில் அவருக்குப் பெருமை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் சொன்னார்: "பர்மிட்டு, கண்ட்ரோலு, கோட்டா, இதெல்லாம் மனுசன மனுசன் நம்பாததால வந்தது. விக்கிறவன் உண்மையச் சொல்லணும். வாங்குறவன் அவன் இஷ்டப்படி முடிவு பண்ணணும். சந்தைய அதும்பாட்டுக்கு விட்டா கெட்ட மாலு தானா நின்னுபோவும். இதுக்கு மேல ஆண்டவர் நம்மகிட்ட எதுவும் கேக்கல."

அதை வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதினேன். பொருள், விலை, உண்மை, சம்மதம். நான்கும் சேர்ந்தால் பாவம் இல்லை. ஒரு சமன்பாடு மாதிரி அழகாக இருந்தது. அதில் இலவசத்துக்கு இடம் இல்லை என்பதையும் அன்றே கவனித்தேன். அடுத்த வாரம் கேட்கலாம் என்று நினைத்தேன். கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

மில்லில் ஒரு பழக்கம் உண்டு. நாளைக்கு உடைக்க வேண்டிய கொட்டையின் மேல் இன்றைக்கு மாலையே தண்ணீர் தெளித்து வைப்பார்கள். ஓடு நமத்துப்போனால் கையால் உடைப்பது சுலபம். உடைத்த பருப்பைப் படியால் அளந்து கூலி கொடுப்பதால் எல்லோரும் தெளிப்பார்கள். நல்ல வெயில் காலத்தில் பருப்பு உலர்ந்துவிடும். போன நவம்பரில் பதினெட்டு நாள் மழை. பருப்பு உலரவே இல்லை. குத்தூசியில் வந்த பருப்பில் பச்சை படர்ந்திருந்தது.

பெண்களிடம் போய், தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். படித்தவள் என்பதால் அவர்கள் என்னை டீச்சரம்மா என்பார்கள். மாரியம்மாள் என்று ஒருத்தி, தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

"காஞ்ச ஓட்ட ஒடைச்சா நகம் பேந்துடும் டீச்சரம்மா. ஒங்க நகம் நல்லா நீளமா இருக்குது. அதக் கொஞ்சம் குடுங்க, தண்ணியில்லாமயே ஒடைக்கிறேன்."

எண்பது பேரும் சிரித்தார்கள். நான் அறைக்குத் திரும்பிவிட்டேன். அந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பருப்பை ஆட்டியதில் வந்த பிண்ணாக்குதான் பதினேழாம் நம்பர் சரக்கு. முந்நூறு மூட்டை. பூஞ்சை இருக்கிறது என்று உள்ளபடியே சான்றிதழில் எழுதினேன். ஜனவரி முதல் வாரம் துறைமுக ஏஜெண்டு அபுல் ஹசன் பாய் வந்தார். லண்டனில் வாங்குகிறவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பவர் அவர். கையில் ஒரு கடிதம்.

"வேணாங்குறான்மா" என்றார். "மனுசனுக்குக் கேக்கல, மாட்டுக்குத்தான் கேட்டான். மாட்டுக்கே வேணாமாம். இந்தப் பூஞ்சையில ஏதோ நஞ்சு இருக்குதாம்."

கொண்டுவந்த செங்காவிக் குழம்பில் துணியைத் தோய்த்து மூட்டை ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி போட வைத்தார். அந்தக் குறி விழுந்த மூட்டை மறுபடி எந்த வியாபாரியிடமும் போகக் கூடாது என்பது துறைமுகத்து வழக்கம். "வயலுக்கு ஒரமாப் போட்ருங்க. எதுக்கும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நம்பவில்லை. விலையைக் குறைக்க ஏஜெண்டுகள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடிதத்தையும் அவரே தயார் செய்திருக்கலாம். அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் போனேன். நான் படித்த காலத்தில் பழகிய நூலகர் இன்னும் இருந்தார். அங்கே வெளிநாட்டு அறிவியல் இதழ்களில் தேடினேன். விஷயம் உண்மையாக இருந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்திருக்கின்றன. காரணம் பூஞ்சை பிடித்த மணிலாப் பிண்ணாக்கு. கல்லீரல் கெட்டுச் செத்திருக்கின்றன. அந்த நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பிறந்து ஒரு நாள் ஆன வாத்துக்குஞ்சு போதும், நஞ்சு முதலில் தாக்குவது அதைத்தான் என்று போட்டிருந்தது.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பத்துக் குஞ்சு வாங்கினேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "குஞ்சுக்கெல்லாம் டிக்கெட்டு இல்லம்மா. ஆனா எல்லாம் சேந்து கத்துனா ஆலப்பாக்கத்துல எறக்கி வுட்டுடுவேன்" என்றார். அவை கத்தவில்லை. கடலூர் வரைக்கும் தூங்கின.

ஐந்துக்குத் தவிடு. ஐந்துக்குப் பதினேழாம் நம்பர் பிண்ணாக்கு மாவு. இரண்டாவது கூட்டத்தில் நான்காம் நாள் ஒன்று செத்தது. ஒன்பதாம் நாள் ஐந்தும் முடிந்தது. பிளேடால் கீறிப் பார்த்தேன். கல்லீரல் வெளிறிப்போய் இருந்தது. இதழில் எழுதியிருந்தபடியே இருந்தது.

அபுல் ஹசன் பாய் பொய் சொல்லவில்லை. ஒரு நேர்மையான மனிதரைச் சந்தேகப்பட்டது தப்பு என்று தோன்றியது. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சாமியாரிடம் சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இனி அந்தோணிசாமி ஐயாவைப் பற்றி. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மையாக இருக்கலாம். எதைக் கேட்கக் கூடாது என்பதில் அவர் தேர்ந்தவர்.

அவர் என்னை அழைத்து, அந்த முந்நூறு மூட்டை நகராவிட்டால் ஏப்ரலுக்குப் பிறகு மில் ஓடாது என்றார். எண்பது பெண்களையும் அனுப்ப வேண்டும். "மொதல்ல ஒன் ரூமத்தான் பூட்டணும் பாப்பா. ஏத்துமதி இல்லைன்னா சர்டிபிகேட்டு எதுக்கு?" என்றார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வேலை கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். நேர்முகத் தேர்வில் நான் எப்படி இருப்பேன் என்று அவர் பார்த்திருக்கிறார்.

மேசையில் இன்னொரு கடிதம் இருந்தது. வெளிநாட்டுக் கிறிஸ்தவ உதவிச் சபை ஒன்று எழுதியது. ஏழைக் குழந்தைகளுக்குப் புரத மாவு வாங்க அவர்கள் தயார். மாவைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு மூன்று மாதத்தில் எடை கூடினால், ஜில்லா முழுக்க நாற்பது உணவுக்கூடங்களுக்கு எங்கள் மில்லிலேயே வாங்குவார்கள்.

யோசனை சொன்னது நான். இதைத் தெளிவாக எழுத விரும்புகிறேன். பிண்ணாக்கைத் திரித்துச் சலித்தால் மாவு. கோயிலுக்குப் பின்னால் எங்கள் கோயில் பெண்களின் மார்த்தா சங்கம் நடத்தும் பால்கூடம் இருக்கிறது. அங்கே மில் பெண்களின் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் மத்தியானம் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து எடை பார்க்கலாம் என்றேன்.

"பூஞ்சை புடிச்சதாச்சே" என்றார்.

"வெந்தா பூஞ்சை செத்துடும் ஐயா" என்றேன். அது உண்மை.

அவர் மோவாயைத் தடவினார். "அப்படியே இருந்தாலும் புள்ளைங்க. நல்ல மாலுல நாலு மூட்டை எடுத்துக் குடுத்துடலாம் பாப்பா. எடை பாத்துட்டு, அப்புறம் இத விப்போம்."

"அது பொய் மாதிரி ஐயா" என்றேன்.

விற்கப்போவது பதினேழாம் நம்பர் என்றால், மாதிரியும் பதினேழாம் நம்பரிலிருந்துதான் போக வேண்டும். முதல் மாதம் நான் சொன்னதும் இதுதான். அன்று சரியாக இருந்தது இன்று எப்படித் தப்பாகும்? அவர் உதவிச் சபையின் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் நல்ல மாவைக் கொடுக்க நினைத்தவர் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தோம். மூட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கச் சொன்னேன். சாப்பாட்டுச் சாமான் சுத்தமான பக்கத்தில் இருக்கட்டும் என்று.

பால்கூடத்தில் சமைப்பவர் சவரியம்மாள். சங்கத்தில் ஒரு முறை உண்டு. பரிமாறுகிறவர் ஜெபம் சொன்னதும், பிள்ளைகள் பார்க்க முதல் கவளத்தைத் தான் சாப்பிட வேண்டும். முதல் நாள் பரிமாறியது நான். தவக்காலம் ஆரம்பித்திருந்தது. மத்தியானம் சாப்பிடாமல் ஒருசந்தி இருப்பதாகச் சொன்னேன்.

"போன வருசம் நீ ஒருசந்தி இருந்த மாதிரி ஞாபகமில்லையே" என்றார் சவரியம்மாள்.

"இந்த வருஷம் நேர்ந்துக்கிட்டேன்."

"ஒரு வாயி போட்டுக்கினா ஆண்டவரு ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. மொறைய வுடக் கூடாதுல்ல."

நான் கரண்டியை அவரிடம் நீட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் கவளத்தை அவரே சாப்பிட்டார். தினமும். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், சாப்பிட்டது ஒரு வாய்தான். அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

மாரியம்மாளின் மகள் ராஜாமணி அங்கேதான் சாப்பிட்டாள். நான்கு வயது. பெரியவர்கள் முன்னால் எனக்கு வராத பேச்சு அந்தக் குழந்தையிடம் வந்தது. மில்லுக்குப் பின்னால் நான் வாத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். தினமும் விசாரிப்பாள்.

"வாத்துக்கு என்னா குடுத்த?"

"தவிடு."

"கசக்குமா?"

"கசக்காது."

"எனக்கு அந்தத் தவிடு குடு. இது கசக்குது. வாத்துக்கு மட்டும் நல்லதா?"

மற்ற பிள்ளைகளும் கசக்கிறது என்றார்கள். பூஞ்சை பிடித்த பருப்பு கசக்கும். வெல்லத்தைக் கூட்டச் சொன்னேன். பிறகு சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் எடை பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து எடை ஏறியது. ஐந்தாவது வாரத்தில் வேகமாக ஏறியது. அந்தோணிசாமி ஐயா வரைபடத் தாளை வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பீடத்திலிருந்து என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எடை ஏறியது வயிற்றில். கல்லீரல் கெட்டால் வயிற்றில் நீர் கோக்கும். நீருக்கு எடை உண்டு. கையும் காலும் மெலிந்துகொண்டிருந்தன. உதவிச் சபை கேட்டது எடை மட்டும்தான். கையின் சுற்றளவை அவர்கள் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் மாரியம்மாள் என் அறைக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அந்தப் படியேறியதில்லை. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, அன்னிக்கி நகத்தப் பத்தி வெளையாட்டாச் சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்ல" என்றேன்.

"புள்ளைக்கி வயிறு பானையாட்டம் இருக்குது. கண்ணு மஞ்சளாக்கீது. வூட்டுல அந்த மாவத்தான் குத்தம் சொல்றாங்க. நீங்க படிச்சவங்க. குடுக்கலாமா, வேணாமா? நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நிறுத்திடறேன். கஞ்சித் தண்ணி ஊத்தி வளத்துக்கறேன்."

அந்தச் சமயத்தில் மேசையில் தராசின் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்தேன்.

"குடுங்க. நிறுத்தாதீங்க" என்றேன்.

"சாமி ஒங்கள நல்லா வெக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தை நீங்கள் நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நான் சொன்னதும், அப்படியானால் மாரியம்மாள் கேட்டது என்ன என்றீர்கள். அவள் கேட்டது, கொடுக்கலாமா என்று. அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. இரண்டும் வேறு கேள்வி. மேலும், ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தினால் சோதனை கெட்டுவிடும்.

ராஜாமணி ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை இறந்தாள். அதற்குப் பின் ஐந்து பேர். ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்றார்கள். தண்ணீரால் இருக்கும் என்று கோயில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். குளோரின் அளவை என்னையே பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், சரியாக இருந்தது. ராஜாமணியின் அடக்கத்துக்கும் போனேன். மாரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரிக்கும் ஒங்க வாத்தத்தான் கேட்டுக்கினு இருந்துது" என்றாள். அவள் பிடி பலமாக இருந்தது. ஓடு உடைக்கிற விரல்கள். நவம்பர் மழையில் தண்ணீர் தெளித்ததும் அதே விரல்கள்தான். அதை அங்கே சொல்வது முறையில்லை என்று சொல்லவில்லை.

மே மாதம் அறிக்கை எழுதினேன். இறந்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பது தவறான முறை. ஆகவே அவர்களுடைய கடைசி எடையையும் சேர்த்தேன். அவைதான் எல்லாவற்றிலும் அதிகமாக இருந்தன. ஜூலையில் உதவிச் சபையின் ஆர்டர் வந்தது. எண்பது பெண்களுக்கும் வேலை நிலைத்தது. எனக்குப் பெரிய அறை ஒதுக்கினார்கள்.

மாவு லாரியில் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு அபுல் ஹசன் பாய் என் அறைக்கு வந்தார். கக்கத்தில் மடித்த சாக்கு ஒன்று இருந்தது. சவரியம்மாள் காலிச் சாக்கைத் துவைத்துத் தன் வீட்டு வேலியில் காயப்போட்டிருக்கிறார். துறைமுகத்துக்குப் போகிற வழி அது. சாக்கின் மறுபக்கத்திலிருந்து செங்காவி ஊறித் தெரிந்திருக்கிறது.

அதை மேசையில் விரித்தார். "இது ஏன்மா உள்பக்கம் வெளிய தைச்சிருக்குது?"

"சுத்தமா இருக்கணும்னு."

"யாரு தைக்கச் சொன்னது?"

"நான்தான்."

"வாத்துக்குஞ்சு வாங்கியாந்தியாமே. சவரியம்மாதான் சொல்லுச்சு. இதச் சோதிக்கத்தான? எத்தினி செத்துச்சு?"

"அஞ்சு."

"அதுக்கப்புறமா புள்ளைங்களுக்குக் குடுத்த?"

"நான் விக்கலை பாய். சும்மாதான் குடுத்தேன். அவங்க யாரும் மாதிரி கேக்கலை."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"காசு குடுத்து வாங்குறவன் பத்து வாட்டி மோந்து பாப்பான்மா. கடிச்சிப் பாத்துத் துப்புவான். பசிச்ச புள்ள என்னாத்த மோந்து பாக்கும்? குடுக்கறவங்க கையத்தான பாக்கும்" என்றார்.

அவர் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம். பிண்ணாக்கு ஏற்றுமதி போய் மாவு வியாபாரம் வந்தால் அவருக்குக் கமிஷன் இல்லை. அதற்காகவும் வந்திருக்கலாம். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தார். லாரியை நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். நல்லது.

இனி நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். வேகவைத்தால் பூஞ்சை சாகும். அது விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. அதை ஜனவரியிலேயே சிதம்பரத்தில் படித்துவிட்டேன். ஆறு குழந்தைகள் இறந்தது அந்த மாவால். இறப்பார்கள் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்பது மட்டும் தெரியாது. கொடுக்கச் சொன்னது நான். நல்ல மாவை வேண்டாம் என்றது நான். நிறுத்தவா என்று தாய் வந்து கேட்டபோது நிறுத்தாதே என்றதும் நான். வேறு யாரும் என்னைத் தூண்டவில்லை.

ஆனால் நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்ற ஒரு விற்பனை வேண்டும். இதை எழுதிக்கொள்ளச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

சாமியாரிடம் இன்னும் போகவில்லை. போனால் எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டாவதில் வரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தவிடு தின்ற ஐந்து வாத்துகளும் இப்போது முட்டையிடுகின்றன. பதினைந்து நாளாகத் தினமும் காலையில் நான்கைந்து முட்டையை, ஆஸ்பத்திரியில் இன்னும் படுத்திருக்கும் மூன்று குழந்தைகளுக்கும் அனுப்பிவருகிறேன். நான் இங்கே இருக்கும்வரை அதை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை ஒவ்வொன்றையும் விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே கெட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். சும்மா கொடுப்பதுதானே என்று பார்க்காமல் கொடுத்துவிடக் கூடாது. சாப்பிடப்போவது குழந்தைகள்.